கண்ணுக்கு மறைவாக வரும் பெட்ரோல்

காலை மணி ஆறரை. வேலைக்குப் புறப்பட்ட ஒருவர் பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்துகிறார். பணத்தைச் செலுத்திவிட்டு, பம்புக் குழாயை எடுத்துக் காரின் டாங்கியில் செருகுகிறார். எண்கள் ஓடுகின்றன. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்து, பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பதற்குள் புறப்பட்டுவிடுகிறார்.

ஒட்டுக்கடையில் தேநீர் அருந்தும்போது இதே மனிதர் நண்பர்களோடு வாதாடுவார். எந்த நிறுவனத்தின் பெட்ரோல் நல்லது, எது கிலோமீட்டர் அதிகம் தரும், எது இயந்திரத்தைக் கெடுக்கும் என்ற வாதத்திற்கு முடிவே இல்லை. ஆனால் அந்தப் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து தம் ஊர் நிலையத்திற்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பவர் அரிது. அரிசி வருவதைப் பார்த்திருக்கிறோம், காய்கறி வருவதைப் பார்த்திருக்கிறோம். பெட்ரோல் வருவதை மட்டும் பெரும்பாலோர் கவனித்ததே இல்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. தீப்பிடிக்கும் பொருளை மக்கள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம் என்பதுதான் கடந்த 130 ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழில் தேடிவரும் விடை. முதலில் ஊருக்கு வெளியே ஒரு தீவுக்குத் தள்ளினார்கள். பிறகு மண்ணுக்கு அடியில் புதைத்தார்கள். பின்னர் இரவு நேரத்துச் சாலைக்கு மாற்றினார்கள். மறைத்து வைத்ததால் ஆபத்து இல்லாமல் போய்விட்டதா என்பதுதான் இந்த வரலாறு எழுப்பும் கேள்வி.

தகர டின் காலம்

பெட்ரோலுக்கு முன்னால் வந்தது மண்ணெண்ணெய். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய மக்களின் வீடுகளில் எரிந்த விளக்குகளுக்கு அமெரிக்காவிலிருந்து மண்ணெண்ணெய் வந்தது. அது வந்த விதம் இன்றைக்கு வியப்பைத் தரும். நான்கு கேலன் பிடிக்கும் தகர டின்கள் இரண்டை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிப்பார்கள். இப்படி ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கப்பலில் அடுக்கி, பாதி உலகைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். துறைமுகத்தில் இறக்குவது கூலியாட்களின் தோள். கடைக்குக் கொண்டு போவது மாட்டு வண்டி. வழியில் டின் நசுங்கி ஒழுகினால் அது வியாபாரியின் நட்டம்.

எண்ணெய் தீர்ந்த பிறகும் டின்னுக்கு மதிப்பு இருந்தது. அதன் வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் வாளி. தட்டி நிமிர்த்தினால் கூரைக்கும் சுவருக்கும் தகடு. மலாயாத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த நம்மவர்கள் காண்டாக் கம்பின் இரு முனையிலும் டின்களைக் கட்டித் தண்ணீர் சுமந்த காட்சி மூத்த தலைமுறையினர் பலருக்கு நினைவிருக்கும். எண்ணெயைச் சுமந்து வந்த பாத்திரமே ஏழை வீட்டின் தட்டுமுட்டுச் சாமானாகவும் ஆனது.

ஊருக்கு வெளியே ஒரு தீவு

இந்த நிலையை மாற்ற நினைத்தவர் மார்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வணிகர். ரஷ்யப் பேரரசின் பாக்கு வட்டாரத்தில் கிடைத்த எண்ணெய் ரயில் வழியாகக் கருங்கடல் துறைமுகமான பத்தூமிக்கு வந்துகொண்டிருந்தது. அதை டின்னில் அடைக்காமல் கப்பலின் வயிற்றிலேயே ஊற்றிக் கொண்டு வந்தால் செலவு பெருமளவு குறையும் என்று அவர் கணக்குப் போட்டார்.

ஆனால் அப்படிக் கொண்டுவந்த எண்ணெயை எங்கே இறக்குவது? இறக்கி வைக்கப் பெரிய தொட்டிகள் வேண்டும். சிங்கப்பூரில் அவருடைய முகவராக இருந்தது சைம் நிறுவனம். நகரத்தின் அருகே அத்தனை எண்ணெயைச் சேமிக்க அன்றைய அரசு இடம் கொடுக்கவில்லை. தீப்பற்றினால் ஊரே அழியும் என்ற அச்சம்தான் காரணம். எனவே 1891இல் சிங்கப்பூருக்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள புலாவ் புக்கோம் என்ற சிறு தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு வகைச் சிப்பியின் மலாய்ப் பெயரிலிருந்து அத்தீவின் பெயர் வந்தது என்பர். பிற்காலத்தில் சிப்பியையே சின்னமாகக் கொண்ட ஷெல் நிறுவனத்தின் கோட்டையாக அத்தீவு விளங்கியது ஒரு விந்தையான பொருத்தம்.

இன்னொரு தடையும் இருந்தது. எண்ணெய்க் கப்பல்கள் சுயஸ் கால்வாயைக் கடக்க அதுவரை அனுமதி இல்லை. கால்வாய் நிர்வாகம் கேட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளோடு சாமுவேல் ஒரு புதிய கப்பலைக் கட்டினார். 'மியூரெக்ஸ்' என்பது அதன் பெயர். அதுவும் ஒரு சங்கின் பெயர்தான். 1892 ஆகஸ்டில் சுமார் 4,000 டன் மண்ணெண்ணெயுடன் அக்கப்பல் சுயஸ் கால்வாயைக் கடந்தது. கிழக்கே வந்து, புக்கோம் தீவில் ஒரு பகுதி எண்ணெயை இறக்கிவிட்டுப் பாங்காக் நோக்கிப் புறப்பட்டது. இந்த வட்டாரத்தில் எண்ணெய், டின்னை விட்டுக் குழாய்க்கு மாறிய கதை அந்தப் பயணத்தில் தொடங்கியது எனலாம்.

சிவப்பு டின்னின் பாடம்

இங்கே ஒரு சுவையான திருப்பம் ஏற்பட்டது. மலிவான எண்ணெய் வந்துவிட்டதால் மக்கள் சொந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வாங்கிச் செல்வார்கள் என்று சாமுவேலின் ஆட்கள் எதிர்பார்த்தார்கள். மக்கள் வரவில்லை. அவர்களுக்கு எண்ணெய் மட்டும் போதாது, டின்னும் வேண்டும்! டின் கொடுக்காத வியாபாரியிடம் யார் வாங்குவது?

வேறு வழியின்றித் தகடுகளை இறக்குமதி செய்து, ஆசியத் துறைமுகங்களிலேயே டின் செய்யும் பட்டறைகளைச் சாமுவேல் அமைத்தார். அமெரிக்க எண்ணெய் வந்த டின் நீல நிறம். இவருடைய டின்னுக்குப் பளபளக்கும் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. நெடுந்தூரம் பயணம் செய்து துருவேறி வந்த நீல டின்னைவிடப் புதிய சிவப்பு டின்னையே மக்கள் விரும்பினார்கள். உள்ளே இருந்த எண்ணெயில் பெரிய வேறுபாடு இல்லை. வெளியே இருந்த வண்ணம் விற்றது. இன்றைய ஒட்டுக்கடை வாதத்தின் வேர் அந்தச் சிவப்பு டின்னிலேயே இருக்கிறது.

கொட்டிய பொருள் கோடி பெற்றது

பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைக் கொதிக்க வைத்தால் அதன் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆவியாகிப் பிரியும். முதலில் பிரிவது பெட்ரோல். அடுத்து மண்ணெண்ணெய், பிறகு டீசல், கடைசியில் தார். விளக்குக்காக மட்டுமே எண்ணெய் காய்ச்சிய காலத்தில் பெட்ரோல் ஒரு தொல்லை. வாங்க ஆள் இல்லை, வைத்திருக்கவும் அச்சம். கொட்டித் தீர்த்தவர்களும் எரித்துத் தீர்த்தவர்களும் உண்டு.

அந்த அச்சத்திற்குக் காரணம் அதன் ஆவி. மண்ணெண்ணெய் சுமார் 38 பாகைக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை வெளியிடும். பெட்ரோலோ சுழியத்திற்கும் 40 பாகை கீழே, கடுங்குளிரிலும் அத்தகைய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும். தூரத்தில் ஒரு தீப்பொறி இருந்தாலும் போதும். மண்ணெண்ணெய்க்குப் பழகிய கை பெட்ரோலுக்குப் போதாது என்பதை உலகம் கற்றுக்கொண்டது.

1896இல் சிங்கப்பூரில் முதல் மோட்டார் கார் ஓடியது. 1910 டிசம்பரில் சரவாக்கின் மிரி நகரில் எண்ணெய் பொங்கியது. 'முதிய பெருமாட்டி' என்று பின்னாளில் செல்லமாக அழைக்கப்பட்ட அந்தக் கிணறு கனடா குன்றின் மேல் இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. 1914இல் மிரியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. இன்றைய மலேசிய மண்ணில் எழுந்த முதல் ஆலை அது.

தொடக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் கடையில் டின் கணக்கில்தான் பெட்ரோல் வாங்கினார்கள். கார்கள் பெருகியபோது கடைவாசலிலும் சாலையோரத்திலும் கையால் இயக்கும் பம்புகள் வந்தன. மண்ணுக்கு அடியில் ஒரு தொட்டி, மேலே ஒரு கைப்பிடி, உச்சியில் அளவு தெரியும் கண்ணாடிக் குடுவை. வாங்குபவர் தம் பணத்துக்குரிய எண்ணெயைக் கண்ணால் பார்த்த காலம் அது. பின்னர் கண்ணாடி போய் எண்கள் வந்தன. எண்ணெய் முழுமையாக மறைந்தது.

துறைமுகத்திலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு எண்ணெயைக் கொண்டு சென்றதில் ரயிலுக்குப் பெரும் பங்குண்டு. 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான் - போர்ட்டிக்சன் பாதையில் பிற்காலத்தில் எண்ணெய் டாங்கிப் பெட்டிகள் ஓடிய காலம் உண்டு. மலாயாவில் தண்டவாளம் பதித்தவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் கார் வாங்கியதில்லை. அவர்கள் போட்ட பாதையில்தான் காருக்கான எண்ணெய் போனது.

எரிந்த தீவு

எண்ணெய் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே போரும் வரும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று மிரி, லூத்தோங் எண்ணெய் வசதிகளைப் பிரிட்டிஷார் தாமே அழித்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாட்களில் புக்கோம் தீவின் எண்ணெய்க்கும் அதே கதி. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்த கரும்புகை சிங்கப்பூர் வானத்தை மூடியது.

அதன் பிறகு நடந்ததுதான் சாதாரண மக்களுக்கு மறக்க முடியாத பாடம். பெட்ரோல் வரும் வழி அடைபட்டதும் கார்களும் பேருந்துகளும் நின்றன. ஓடிய சில வாகனங்கள் பின்புறத்தில் அடுப்பைப் போன்ற ஒரு கலனைச் சுமந்துகொண்டு கரி வாயுவில் ஓடின. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டிய நிலை. எண்ணெய் வரும்போது யாரும் அதன் வழியைப் பற்றி எண்ணவில்லை. நின்ற பிறகுதான் வழி என்று ஒன்று இருந்ததே தெரிந்தது.

ஆலைகள் கரைக்கு வந்தன

போருக்குப் பின் நிலைமை மாறியது. எங்கோ காய்ச்சிய எண்ணெயைக் கொண்டுவருவதைவிடக் கச்சா எண்ணெயைக் கொண்டுவந்து இங்கேயே காய்ச்சுவது இலாபம் என்ற முடிவுக்கு நிறுவனங்கள் வந்தன. 1961இல் புக்கோம் தீவில் சிங்கப்பூரின் முதல் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் ஆற்றல் ஒரு நாளைக்கு 20,000 பீப்பாய். அதே 1960களின் தொடக்கத்தில் போர்ட்டிக்சன் கடற்கரையில் எஸ்ஸோ, ஷெல் ஆகிய இரு நிறுவனங்களின் ஆலைகளும் எழுந்தன. 1974 ஆகஸ்டில் பெட்ரோனாஸ் தோன்றிய பிறகு திரங்கானுவின் கெர்த்தே, மலாக்காவின் சுங்கை ஊடாங் ஆகிய இடங்களில் தேசிய நிறுவனத்தின் ஆலைகள் வந்தன. ஜொகூரின் பெங்கெராங்கில் அமைந்த மிகப் பெரிய ஆலையின் ஆற்றல் ஒரு நாளைக்கு 300,000 பீப்பாய்.

தீவில் இருந்தாலும் ஆபத்து தேடி வரும் என்பதை 1974 ஜனவரி 31ஆம் நாள் காட்டியது. ஆயுதம் ஏந்திய நால்வர் புக்கோம் தீவுக்குள் புகுந்து எண்ணெய்த் தொட்டிகளில் வெடிகுண்டு வைத்தார்கள். இருவர் ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்தவர்கள், இருவர் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியினர். பெரும் நாசம் ஏற்படவில்லை. தப்பிக்கும் வழியில் அவர்கள் 'லாஜு' என்ற பயணப் படகைக் கைப்பற்றி, அதன் பணியாளர்களைப் பிணை பிடித்தார்கள்.

ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. இறுதியில் பிணையாளிகளை விடுவிப்பதற்கு ஈடாக, அந்த நால்வரோடு குவைத் வரை விமானத்தில் செல்ல 13 சிங்கப்பூர் அதிகாரிகள் முன்வந்தார்கள். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர். அன்று தற்காப்பு அமைச்சின் அதிகாரியாகவும், பின்னர் 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராகவும் இருந்த எஸ்.ஆர். நாதன்தான் அவர். அனைவரும் உயிரோடு திரும்பினார்கள். எண்ணெய்த் தொட்டிக்கு வைத்த குறி, எண்ணெய்க்குத் தொடர்பே இல்லாத படகுப் பணியாளர்களின் உயிரில் வந்து நின்றது குறிப்பிடத்தக்கது.

நான்கு ஆண்டுகள் கழித்து நடந்த இன்னொரு சம்பவத்தில் எந்த எதிரியும் இல்லை. 1978 அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்காக நின்ற 'ஸ்பைரோஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்தது. தொட்டியில் எஞ்சியிருந்த எண்ணெயின் ஆவியும், வெட்டும் கருவியின் தீப்பொறியும் சந்தித்தன. மாண்டவர்கள் 76 பேர். நிரம்பிய தொட்டியைவிடக் காலியான தொட்டி ஆபத்தானது என்று எண்ணெய்த் தொழிலில் சொல்வதன் பொருள் இதுதான்.

ஒரே குழாயில் மூன்று எண்ணெய்

ஆலையில் காய்ச்சியாயிற்று. அங்கிருந்து ஊர்களுக்கு எப்படிப் போகிறது? வடக்கே பிறை, தெற்கே பாசிர் கூடாங், கிழக்கே குவாந்தான் போன்ற இடங்களில் கடலோரக் கிடங்குகள் உண்டு. சிறு எண்ணெய்க் கப்பல்கள் அங்கே கொண்டுபோய் இறக்கும். சபா, சரவாக் மாநிலங்களுக்கும் கடல்வழிதான் முக்கிய வழி.

கார்கள் மிக அதிகமாக ஓடும் கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை வேறு. 1990களில் மலாக்கா, போர்ட்டிக்சன் ஆலைகளிலிருந்து சிலாங்கூரின் டிங்கில் வரை மண்ணுக்கடியில் ஒரு நீண்ட குழாய் பதிக்கப்பட்டது. 1998இல் திறக்கப்பட்ட கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு வேண்டிய விமான எரிபொருளும் இதே ஏற்பாட்டின் வழியாகச் செல்கிறது. டிங்கிலில் உள்ள விநியோக முனையத்தைப் பெட்ரோனாஸும் ஷெல்லும் கூட்டாக அமைத்தன. சாலையில் எதிரெதிரே கடை விரித்திருக்கும் இரண்டு போட்டியாளர்கள் மண்ணுக்கடியில் பங்காளிகள்!

ஒரே குழாயில் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் ஆகிய மூன்றும் எப்படிப் போகும் என்ற ஐயம் எழலாம். வரிசையாகப் போகும் என்பதே விடை. முதலில் இத்தனை இலட்சம் லிட்டர் பெட்ரோல், அதன் வாலைப் பிடித்தாற்போல் டீசல், அதன் பின்னால் இன்னொன்று. நடுவில் தடுப்புச் சுவர் எதுவும் இல்லை. ஒன்றை ஒன்று தொடும் இடத்தில் சிறிது கலக்கும். எண்ணெயின் அடர்த்தியை அளக்கும் கருவி அந்தக் கலப்பு வந்து சேரும் நேரத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கலந்த பகுதியை மட்டும் தனித் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, தூய்மையான பகுதியை அதனதன் தொட்டிக்கு அனுப்புவார்கள். குழாய்க்குள் எண்ணெய் புயல் வேகத்தில் பாய்வதில்லை. மனிதர் விரைந்து நடக்கும் வேகம் அல்லது அதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனால் இரவு பகல் நிற்காமல் நடக்கிறது.

1,200 கேலன் கணக்கு

முனையத்திற்கு வந்த பெட்ரோல் டாங்கி லோரியில் ஏறும்போதுதான் அதற்குப் 'பெயர்' சூட்டப்படுகிறது. அடிப்படைப் பெட்ரோல் அரசு வகுத்த தர அளவுக்கு உட்பட்டது. லோரிக்குள் பாயும் அந்தச் சில நிமிடங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் தனிச் சேர்மானத்தைச் சிறிதளவு கலக்கிறது. இயந்திரத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் மருந்து என்று விளம்பரத்தில் வருவது அதுதான். அந்தச் சேர்மானத்தில் வேறுபாடு உண்டு, பயனும் உண்டு. ஆனால் ஒட்டுக்கடையில் பேசுவதைப்போல் ஒன்று பாலும் மற்றொன்று தண்ணீரும் அல்ல.

டாங்கி லோரியின் வயிறு ஒரே அறையாக இருப்பதில்லை. பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் பெட்ரோல், அடுத்ததில் டீசல் என்று ஏற்றலாம். பிரேக் போடும்போது எண்ணெய் முன்னும் பின்னும் அலைமோதி வண்டியை நிலைகுலையச் செய்யாமல் இருக்கவும் அது உதவும். மலேசியாவில் ஓர் அறைக்குப் பொதுவான அளவு சுமார் 5,460 லிட்டர். ஏன் இப்படி ஓர் எண்? கேலனுக்கு மாற்றிப் பார்த்தால் புரியும், அது 1,200 கேலன். நாடு லிட்டருக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் கேலன் கணக்கு லோரியின் வயிற்றில் உயிரோடு இருக்கிறது. பழைய நான்கு கேலன் டின்னில் ஊற்றினால் ஓர் அறைக்கு 300 டின். ஆறு அறை கொண்ட ஒரு லோரி 1,800 டின்களைச் சுமக்கிறது. அன்று அத்தனை டின்னையும் இறக்க எத்தனை தோள்கள் தேவைப்பட்டிருக்கும்! இன்று ஓர் ஓட்டுநர் போதும்.

அந்த ஓட்டுநரின் வேலையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நெரிசல் குறைந்த இரவிலும் விடியற்காலையிலும் நிலையத்திற்கு வந்து சேர்பவர் அவர். வண்டியைச் சுற்றித் தடுப்புக் கூம்புகளை வைக்கிறார். தீயணைப்பானை எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துகிறார். மின்னேற்றத்தால் பொறி பறக்காமலிருக்க வண்டிக்குப் புவி இணைப்புக் கம்பியை மாட்டுகிறார். நிலத்தடித் தொட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்க்கப்படுகிறது. அளவு தவறினால் பெட்ரோல் பொங்கி வெளியே வழியும். தொட்டியின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். எந்த அறையின் குழாயை எந்தத் தொட்டியில் மாட்டுவது என்பதில் ஒரு முறை கவனம் பிசகினால் பெட்ரோல் தொட்டிக்குள் டீசல் போய்விடும். மறுநாள் காலை எத்தனையோ கார்கள் சாலையில் நின்றுவிடும்.

இத்தனை இயந்திரங்கள் வந்த பிறகும் இந்தக் கடைசிக் கட்டம் மனிதக் கையை நம்பித்தான் இருக்கிறது. ஆலையிலும் முனையத்திலும் கணினி பார்த்துக்கொள்ளும். நிலையத்தின் வாசலில், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், கம்பியை மாட்டினாரா இல்லையா என்பதை அந்த மனிதரின் மனச்சாட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலகை மாறும், வழி மாறாது

பம்பில் நிற்பவர் பார்ப்பது பெயர்ப் பலகையை. அந்தப் பலகைகள் எத்தனை முறை மாறின என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2005இல் பிபி நிலையங்கள் கைமாறிப் பிஎச்பெட்ரோல் ஆயின. 2012இல் எஸ்ஸோவின் மலேசிய வணிகத்தைப் பிலிப்பீன்ஸ் முதலாளிகள் வாங்கியதால் பெட்ரோன் வந்தது. போர்ட்டிக்சனின் ஷெல் ஆலை 2016இல் சீனாவின் ஹெங்யுவான் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஷெல்லின் கோட்டையாக 130 ஆண்டுகளுக்கு மேல் இருந்த புக்கோம் தீவே 2025 ஏப்ரலில் கைமாறி, இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரி, கிளென்கோர் ஆகியவற்றின் கூட்டு நிறுவனத்திடம் சென்றது. உரிமையாளர் யாரானாலும் எண்ணெய் வரும் வழி பெரிதும் மாறவில்லை.

விலையும் ஓர் ஆச்சரியம். 1983 முதல் மலேசியாவில் பெட்ரோல் விலையை அரசின் சூத்திரம் ஒன்று வகுத்து வந்தது. எண்ணெயின் அடக்க விலை, கொண்டு சேர்க்கும் செலவு, நிறுவனத்தின் பங்கு, நிலைய நடத்துநரின் பங்கு ஆகியவற்றைக் கூட்டி, உதவித்தொகையைக் கழிப்பதே அந்தக் கணக்கு. நிலைய நடத்துநருக்கு லிட்டருக்குக் கிடைப்பது சில சென்கள்தான். தண்ணீர்ப் போத்தலும் ரொட்டியும் விற்கும் கடை பெட்ரோல் நிலையத்தில் பெரிதாகிக்கொண்டே போவதன் இரகசியம் அதில் இருக்கிறது.

பாலத்திற்கு அப்பால் விலை வேறு என்பதால் எழுந்த சட்டங்களும் உண்டு. மலிவு பெட்ரோலைத் தேடி ஜொகூருக்கு ஓடிய கார்களைத் தடுக்க 1989இல் சிங்கப்பூர் பாதி டாங்கி விதியைக் கொண்டு வந்தது. 1991இல் அது முக்கால் டாங்கி ஆனது. மலேசியாவும் 2010இல் வெளிநாட்டுப் பதிவு எண் கொண்ட வாகனங்களுக்கு ரோன்95 விற்கத் தடை விதித்தது. 2025 செப்டம்பர் 30 முதல், குடிமக்கள் மைகார்டைக் காட்டி ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்கு வாங்கும் திட்டம் எல்லாருக்குமாக அமலுக்கு வந்தது. அன்று கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலைப் பார்த்து வாங்கிய மக்கள், அடையாள அட்டையைச் செருகி வாங்கும் காலத்திற்கு வந்தார்கள்.

மறைந்தவர்களும் உண்டு

இந்த வழியில் எண்ணெய் மட்டுமா மறைந்தது? மனிதர்களும் மறைந்தார்கள். முன்பெல்லாம் நிலையத்திற்குள் கார் நுழைந்ததும் ஓடி வந்து பெட்ரோல் ஊற்றி, கண்ணாடியைத் துடைத்து, டயருக்குக் காற்றடித்துக் கொடுக்கும் பணியாளர் இருந்தார். பள்ளிப் படிப்பை முடித்த தோட்டப்புற இளைஞர்கள் பலருக்கு அதுதான் பட்டணத்தின் முதல் வேலை. சுயசேவை முறை பரவிய பிறகு மலேசியாவில் அந்த வேலை பெரும்பாலும் போய்விட்டது. சிங்கப்பூரில் இன்னும் பல நிலையங்களில் அவர்களைப் பார்க்கலாம். டின் தூக்கிய கூலியாள், ரயில் டாங்கிப் பெட்டியைக் கோத்து விட்டவர், பம்படியில் நின்றவர் என்று ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் மிஞ்சி நிற்பவர் லோரி ஓட்டுநர்.

2025 ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில் சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் மண்ணுக்குள் இருந்த குழாய் ஒன்று வெடித்துத் தீப்பிழம்பு வானளாவ எழுந்தது. வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. அது பெட்ரோல் குழாய் அல்ல, இயற்கை எரிவாயுக் குழாய். ஆயினும் தம் வீட்டுக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் என்ன ஓடுகிறது என்று பல குடும்பங்கள் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தக் கேள்வி நியாயமானது. 1891இல் எண்ணெயைத் தீவுக்கு அனுப்பியபோது தீவுக்கும் ஊருக்கும் இடையே கடல் இருந்தது. இன்று ஊர் வளர்ந்து குழாயின் மேலேயே வந்து நிற்கிறது. குழாய் செல்லும் நிலத்தில் யார் தோண்டலாம், எவ்வளவு தள்ளி வீடு கட்டலாம் என்பவை கோப்புக்குள் மட்டும் கிடந்தால் போதாது. அங்கே குடியிருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் நிற எச்சரிக்கைக் கம்பம் நட்டிருக்கும் இடத்தில் தோண்டக் கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும், அங்கே மண்வாரி இயந்திரம் வேலை செய்வதைக் கண்டால் உடனே தகவல் சொல்வதும் பெரிய காரியங்கள் அல்ல. உயிரைக் காக்கும் காரியங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சரவாக்கின் உட்பகுதியில், சாலை எட்டாத ஆற்றங்கரை நீளவீடுகளுக்கு எரிபொருள் இன்றும் டிரம்மில் அடைக்கப்பட்டு நீண்ட படகில்தான் போகிறது. குழாயும் லோரியும் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் அங்கே தோளில் சுமப்பவர் இருக்கிறார். பட்டணத்தில் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு அங்கே ஒரு நாள் ஆகலாம்.

அடுத்த முறை பெட்ரோல் நிலையத்தில் டாங்கி லோரி நின்றுகொண்டு வழியை மறித்தால் பலர் முகம் சுளிப்பார்கள். சிலர் ஹாரனும் அடிப்பார்கள். லோரியின் பக்கத்தில் ஒரு மனிதர் புவி இணைப்புக் கம்பியை மாட்டிக்கொண்டிருப்பார். அவரை அவசரப்படுத்தாமல் ஐந்து நிமிடம் காத்திருப்பது நல்லது. 1,800 டின் எண்ணெய் அவர் கையில் இருக்கிறது.